பம்பரத்தில் இரண்டாவது ப

காட்டைப் பார்க்கப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் முதலில் கேட்டது, அங்கே கக்கூஸ் இருக்குமா என்பதுதான். இல்லை என்றார். அப்படியானால் நான் வரவில்லை என்றேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து எலுமிச்சம்பழச் சோறும் தயிர்ச் சோறும் கிளறிக் கட்டியது நான்தான். எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

எல்லாம் அந்த மாருதி வந்ததால் வந்த வினை. இவருடைய ஆபீசில் தேஷ்வால் என்று ஒரு ஹரியானாக்காரர். புது வண்டி வாங்கியவர், பழையதை இவர் தலையில் கட்டினார். கூடவே அந்தக் காட்டையும் கட்டினார். மெஹ்ரோலியைத் தாண்டி, ஹரியானா எல்லைக்குள் கொஞ்ச தூரம் போனால், மலைக்கு நடுவில் ஒரு ஜங்கிள் இருக்கிறது, மயில் இருக்கிறது, கோடாலி படாத மரங்கள், டெல்லியில் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு அன்றையிலிருந்து அதே பேச்சு. ஜனக்புரியில் நாங்கள் இருந்த மாடி வீட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகளும் துணி காயப்போட்ட கம்பிகளும்தான் தெரியும். அதில் மரம் பார்க்கிற ஆசை வந்தால் தப்பில்லைதான். ஆனால் ஏப்ரல் மாசத்திலா வரவேண்டும்?

எங்கள் மகள் சிந்து பின் சீட்டில் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்புக்குப் போகிற வயசு. அப்பா அம்மாவோடு வெளியே போவதே அவமானம் என்று நினைக்கிற வயசு. கிளம்பும்போது அப்பாவுடைய அரைக்கைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, அவளே சரோஜினி நகரில் வாங்கி வந்த டீ-ஷர்ட்டைப் போட வைத்திருந்தாள். பிக்னிக்குக்கு யாரும் ஆபீஸ் சட்டையில் வரமாட்டார்களாம். இவரும் மகள் சொன்னாளே என்று வயிறு பிதுங்க அதை மாட்டிக்கொண்டு ஓட்டினார்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். நம் எழுத்தில் ப ஒன்றுதான். ஆனால் பம்பரம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒன்று, நடுவில் வருகிற ப வேறு. ஹிந்திக்காரர்களுக்கு இரண்டும் தனித்தனி எழுத்து, மாற்றிச் சொன்னால் சொல்லே மாறிப்போகும். இவர் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் எல்லாவற்றையும் முதல் ப-வாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பஸ், பாயி சாப், பஹுத் அச்சா எல்லாம் பல்லி, பச்சை மாதிரி வரும். ஆபீசில் கேலி செய்தார்கள். சிந்து பேசத் தொடங்கியதும் அவளும் கேலி செய்தாள். கேலியோடு நிற்காமல் பாடமும் எடுத்தாள். உதட்டை அழுத்துங்கப்பா, தொண்டையிலேர்ந்து வரணும், ஏக் பார் ஔர், இன்னொரு தடவை என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள். இவர் ரோஷக்காரர். இனிமேல் எந்த ப வந்தாலும் இரண்டாவது ப-தான் என்று ஒரே அடியாக முடிவு செய்துவிட்டார். பைசா, பனீர், பானி எதுவும் தப்பவில்லை. பப்பாளிக்கு ஹிந்தியில் பப்பீதா. இவர் கேட்டால் அது பபிதா என்ற பெண்பிள்ளை ஆகிவிடும்.

அன்றைக்கும் மெஹ்ரோலி பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பழக்காரனிடம், நல்ல பபிதா இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அவன் இருக்கிறாள் சாப், ஆனால் கல்யாணம் ஆகிவிட்டது என்றான். சிந்து சீட்டிலேயே சரிந்து உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். இவர் சிரித்துச் சமாளித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். இவருக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போட்டால் வேளாவேளைக்கு எதையாவது சாப்பிட்டே ஆகவேண்டும். தவறினால் சர்க்கரை சடாரென்று இறங்கும். அதற்கு முந்தின வருஷம் ஆபீஸ் பஸ்ஸில் அப்படி ஆகி, காரணமில்லாமல் கண்டக்டரோடு சண்டை போட்டு, தொப்பலாக வியர்த்து, பேச்சுக் குழறி, சீட்டிலேயே மயங்கிவிட்டார். யாரோ டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுப் புகட்டியதால் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றையிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும். புது டீ-ஷர்ட்டில் பை கிடையாது. மிட்டாயை என் கைப்பையில் போட்டு வைத்திருந்தேன்.

பண்ணை வீடுகளின் நீளமான மதில்கள் முடிந்ததும் ரோடும் முடிந்தது. அப்புறம் மண் பாதை. கல் உடைக்கிற இடங்களிலிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் எங்கள் மேல் ஒரு படி மாவைக் கொட்டிவிட்டுப் போனது. அதையும் தாண்டினால் இரண்டு பக்கமும் கோதுமை, அறுவடைக்கு நிற்கிற கோதுமை. அதற்குப் பின்னால் மொட்டைக் குன்றுகள், வேலிக்கருவேல் புதர்கள். அங்கங்கே ஒரு மரத்தில் இலையே இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் பூ மட்டும் பூத்துக் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன், சொன்னால் இவர் அடுத்த வாரமும் கிளம்புவார்.

காடு எங்கே என்று கேட்டேன். இதோ வந்துவிடும் என்றார். அதற்குள் வண்டியின் முன்பக்கம் இட்லிப் பானை மாதிரி ஆவி விட ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் குடிக்கக் கொண்டுவந்ததில் ஒரு பாட்டில்தான் மிச்சம். ஊற்றியது போன இடம் தெரியவில்லை.

டிக்கியில் ஒரு பழைய வெள்ளை நல்லெண்ணெய்க் கேன் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். வயலுக்கு அந்தப் பக்கம் ஊர் மாதிரி ஏதோ தெரிந்தது. சிந்துவிடம், கூட வா என்றார், நீ கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள் என்றார். அவள் வாக்மேனைக் கழற்றாமலே, "தண்ணி கேக்கறதுக்குக் கூட நான் வரணுமாப்பா?" என்றாள். இவர் வேண்டாம் வேண்டாம், வெயில், நீ இரு என்றார்.

"மிட்டாயை எடுத்துக்கிடுங்க," என்றேன்.

"எங்க வைக்க? கையில ஒட்டும். ரெண்டு எட்டுல வந்துருவேன். வந்து சாப்பிடுவோம்," என்று சொல்லிவிட்டு வரப்பு மேல் ஏறி நடந்தார். வழுக்கையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, கேனை ஆட்டிக்கொண்டே போனார்.

காலையில் அவர் சாப்பிட்டது இரண்டு துண்டு ரொட்டி. சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, வழியில் நான் கொடுத்த பிஸ்கட்டையும் வேண்டாம் என்றிருந்தார். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குள் இருக்க முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. முதலில் கோபம் வந்தது. போனால் போன இடம், யாரையாவது பிடித்துத் திருநெல்வேலிப் பெருமை பேசிக்கொண்டிருப்பார் என்று திட்டினேன். அப்புறம் கோபம் போய்விட்டது. ஒரு மனுஷன் தண்ணீர் எடுத்துவர இவ்வளவு நேரம் ஆகாது என்று தெரிந்ததும், வண்டியைப் பூட்டிவிட்டுச் சிந்துவை இழுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். அவசரத்தில் கைப்பையை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போக மனசு வரவில்லை.

ஊரில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு ஆம்பிளைகள் நாலைந்து பேர் ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர். மற்றவர்கள் அவரைச் சௌத்ரி என்றார்கள். சிந்து கேட்டாள். டீ-ஷர்ட் போட்ட, குண்டான, கையில் கேன் வைத்திருக்கிற ஆள் தண்ணீர் கேட்டு வந்தாரா? வரவில்லை. இந்தப் பக்கமாகப் போனாரா? காலையிலிருந்து நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம், யாரும் வரவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி, சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து என்று சிந்துவைச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல அவளுடைய குரல் மாறியது. அதுவரை அவள் சலித்துக்கொண்டுதான் வந்தாள். இப்போதுதான் அவளுக்கும் விஷயம் உறைத்தது.

சௌத்ரி ஹூக்காவை வைத்துவிட்டு எழுந்தார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. அவர் யோசித்த விதமும் சரிதான். தண்ணீர் தேடிப் போனவர், ஊருக்கு வரவில்லை. ஊரை விட்டால் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருப்பது ஒரே இடத்தில், கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தில். ஆழமான பள்ளம், ஊற்று வந்து நிரம்பிக் கிடக்கிறது, போன வருஷம்கூட இரண்டு பேர் விழுந்தார்கள் என்று அவர் சொன்னதைச் சிந்து எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் அந்த அளவுக்கு ஹிந்தி தெரியும் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் தோளில் கயிற்றுச் சுருள், ஒருவர் கையில் நீளக் கம்பு, ஒருவரிடம் கோடாலி. ஊர் ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் எங்களைப் பின்னாலேயே நிற்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். கீழே, ரொம்பக் கீழே, பச்சையாகத் தண்ணீர். கரையே இல்லை, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறை. தண்ணீருக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கேன் மிதந்துகொண்டிருந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிந்து, "அம்மா, நம்மளுதா? அம்மா, நம்மளுதா?" என்று என் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தாள். தெரியவில்லை. அந்தக் கேன் பல வருஷமாக எங்கள் வீட்டில் கிடந்தது, மூடி சிவப்பா பச்சையா என்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு வாலிபன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். மற்றவர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடித்து விட்டார்கள்.  பாறையில் அவன் கால் பட்டு ஒவ்வொரு கல் உருளும்போதும் நான் கயிற்றைப் பார்த்தேன்.

அவன் கம்பால் எட்டி அந்தக் கேனை இழுத்தான். தூக்கிக் காட்டினான். மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, கம்பி கட்டி வாளியாக்கின கேன். கல் உடைக்கிறவர்கள் விட்டுப்போனது. எங்களுடையது இல்லை.

நம்முடையது இல்லை என்றால் ஆறுதல் வந்திருக்க வேண்டும். அவர்கள் யாருக்கும் வரவில்லை. சௌத்ரி அவனைத் தண்ணீருக்குள் இறங்கித் துழாவச் சொன்னார். ஆம்பிளைகள் எல்லாரும் இவர் உள்ளே கிடக்கிறார் என்றே முடிவு செய்துவிட்டார்கள், அது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு அந்தப் பார்வையைக் கண்டதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் தாமிரபரணியில் குதித்து நீந்தி வளர்ந்தவர். அதுவும் போகட்டும். வழி தெரியாத ஆள் இந்தப் பள்ளத்துக்கு எப்படி வருவார்? யாரோ கை காட்டினால்தானே வருவார்? யார் காட்டினது? ஊர் ஆம்பிளைகள் யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் பார்த்தது யார்?

வரும் வழியில் கோதுமை வயலில் பெண்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடந்தபோது எல்லாரும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்கள். சௌத்ரியும் மற்றவர்களும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்கள். மருமகப் பெண்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள், இவர்களும் கேட்கமாட்டார்கள். இது எனக்கு அப்போதுதான் தலையில் ஏறியது. அந்தப் பெண்களிடம் யாருமே கேட்கவில்லை.

நான் எழுந்தேன். சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்து ஓடினேன். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், நின்று பதில் சொல்ல நேரமில்லை.

ஆம்பிளைகள் யாரும் கூட இல்லாததால் பெண்கள் முகத்தைத் திறந்து பேசினார்கள். ஓரமாக அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, சிந்துவைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும், ஆமாம் என்றாள். ஒருத்தர் அந்த வரப்பிலிருந்து சத்தம் போட்டு வழி கேட்டார். வேற்று ஆம்பிளை, அதனால் திரும்பிப் பார்க்கவில்லை, அரிவாளை நீட்டிக் கைகாட்டினேன் என்றாள். எந்தப் பக்கம் என்றேன். அவள் காட்டியது பள்ளத்தின் பக்கம் இல்லை, ஊர்ப் பக்கமும் இல்லை. குன்றுக்கு அந்தப் பக்கம்.

சிந்து அவளிடம், அவர் தண்ணீர் கேட்டவராச்சே, பானி என்று கேட்டிருப்பாரே, அங்கே என்ன தண்ணீர் இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "பானி நஹீ. பனி பூச்சா. தோ பார் போலா."

இல்லை, தண்ணீர் இல்லை, பனிக்குத்தான் வழி கேட்டார், இரண்டு தடவை தெளிவாகக் கேட்டார் என்றாள். குன்றுக்குப் பின்னால் இருக்கிற காட்டுக்கு அந்த ஊரில் பனி என்று பெயர். பம்பரத்தின் இரண்டாவது ப. தேஷ்வால் எங்களிடம் ஜங்கிள் என்றுதான் சொல்லியிருந்தார், அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. டெல்லியிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வருவார்கள், இவர் கொஞ்சம் நீட்டிச் சொன்னார், வெளியூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள் அந்தப் பெண்.

டெல்லியில் இத்தனை வருஷமாக இவர் அதே இரண்டாவது ப-வில் தண்ணீர் கேட்டிருக்கிறார். கையில் டம்ளரைப் பார்த்து எல்லாரும் தண்ணீர்தான் கொடுத்தார்கள். இங்கே கேனைப் பார்க்க அவள் திரும்பவில்லை.

நான் சிந்துவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டை அழுத்துங்கப்பா என்று பாடம் எடுத்தவள் அவள்.  அதைப் பேச நேரமில்லை. "மீட்டா," என்றேன் அந்தப் பெண்ணிடம், "குச் மீட்டா ஹை?" அவள் வரப்பில் வைத்திருந்த சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து நீட்டினாள். சிந்து அதைப் பிடுங்கிக்கொண்டு குன்றைப் பார்த்து ஓடினாள்.

சௌத்ரியும் ஆட்களும் எங்களைத் தேடிக்கொண்டு வந்து குன்றடியில் சேர்ந்துகொண்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் இருண்டது. ஏன் என்று மேலே ஏறிப் பார்த்ததும் புரிந்தது. அந்தப் பக்கச் சரிவு முழுக்க மரம். சுற்றிலும் காய்ந்து கிடக்கிற ஊரில் அது ஒன்றுதான் அடைசலாக, தரையே தெரியாமல் நிற்கிறது. அங்கே ஒரு சாமியார் அடக்கமாகியிருக்கிறாராம். அவர் பேரைச் சொல்லி அந்த ஊரில் யாரும் அங்கே ஒரு சுள்ளிகூட ஒடிக்கமாட்டார்கள், ஆடு மாட்டை விடமாட்டார்கள், விறகு பொறுக்கமாட்டார்கள். அதனால் உள்ளே பாதை என்று ஒன்று கிடையாது. கோடாலி வைத்திருந்தவரிடம் சௌத்ரி ஏதோ சொன்னார். அவர் கோடாலியைச் செருப்போடு சேர்த்து ஒரு பாறை மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். இரும்பு உள்ளே போகக்கூடாதாம். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவர்களுக்குச் சாமியார் பெரிசாகப் போயிற்று என்று நான் தமிழிலேயே திட்டினேன். யாருக்கும் புரியவில்லை, நல்லதாயிற்று.

உள்ளே கிளைகள் இடுப்பு உயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. அவர்கள் ஒவ்வொன்றையும் கையால் ஒதுக்கிப் பிடித்து, குனிந்து நுழைந்து, பின்னால் வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. குறுக்கே நின்ற ஒரு கிளையை இரண்டு கையாலும் பிடித்து முறித்துப் போட்டேன். அந்தச் சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். சௌத்ரி திரும்பி அந்தக் கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் இன்னும் நாலு கிளையை முறித்திருப்பேன்.

பிரிந்து பிரிந்து தேடினார்கள். பாபுஜி, பாபுஜி என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் இவர் வேறு யாரையோ என்று நினைப்பார். பாலசுப்ரமணியம் என்று என்னால் எழுத முடிகிறது, வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. நான், "என்னங்க," என்று கத்தினேன். காது கிழிகிற மாதிரி, "என்னங்க, என்னங்க," என்று கத்திக்கொண்டே போனேன். அதுதான் இவருடைய பெயர் என்று அந்த ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் காடு முழுக்கக் கட்டைக் குரல்களில், என்னங்கா ஜீ, ஓ என்னங்கா ஜீ என்று கேட்டது. வேறு சமயமாக இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது.

பதில் இல்லை. ஒரு மயில் மட்டும் எங்கோ கத்தியது.

நான் நின்று மூச்சு வாங்கினேன். தண்ணீர் இருக்கிறது என்று நம்பி வந்த மனுஷன் எங்கே போவார்? மேலே ஏறமாட்டார். தாழ்வான இடமாகப் பார்த்து இறங்கிக்கொண்டே இருப்பார். தாழ்வான பக்கம் போங்க என்று சொல்ல ஹிந்தியில் வார்த்தை வரவில்லை. கையைக் கீழே காட்டி, "நீச்சே, நீச்சே," என்றேன். எல்லாரும் சரிவில் இறங்கினோம். என் புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. சிந்து எனக்கு முன்னால், விழுந்து எழுந்து, உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போனாள். வெல்லத்தை மட்டும் விடவில்லை.

அடியில் ஒரு ஓடை இருந்தது, காய்ந்த ஓடை. வெறும் கூழாங்கல். சிந்து, "அப்பா," என்று கத்திய குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எந்த நிலைமையில் என்பதுதான் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம், சரிவில் இறங்கி அவர் பக்கத்தில் போய்ச் சேரும் வரைக்கும், நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

ஓடைக் கரையில் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். கேன் பக்கத்தில் கிடந்தது. டீ-ஷர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கையைத் தொட்டால் அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. சிந்து கீழே உட்கார்ந்து அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெல்லத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். பாதி உருகிப் பிசுபிசுத்திருந்தது. வாயில் போட்டால் புரையேறும், முழுங்கத் தெரியாத நிலைமையில் இருந்தார். பல்லை வேறு கிட்டிக்கொண்டிருந்தார். தாடையில் ஒரு தட்டுத் தட்டினேன். பலமாகவே தட்டினேன். உதட்டை விலக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விரலை விட்டு வெல்லத்தைத் தேய்த்தேன். திரும்பத் திரும்பத் தேய்த்தேன். வெல்லமும் எச்சிலும் வழிந்து சிந்துவின் சுடிதார் முழுக்க ஆயிற்று. ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். சௌத்ரி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சாமியாரிடம் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சாமியாரை நம்பக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் மனசுக்குள், ஐயா சாமியாரே, உன் கிளையை ஒடித்தது நான், இவரை ஒன்றும் செய்துவிடாதே என்று சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை ஒருமுறை அசைந்தது. அப்புறம் இன்னொரு முறை. நாக்கு மெதுவாக வெளியே வந்து உதட்டை நக்கியது. என் விரலைக் கடித்தார். வலித்தது, அவ்வளவு சந்தோஷமாக எனக்கு எதுவும் வலித்ததில்லை. இன்னும் கொஞ்சம் வெல்லம் ஊட்டினேன், இப்போது தானாகவே சப்பினார். கண் சுற்றிச் சுற்றி அலைந்து, கடைசியில் என் முகத்தில் வந்து நின்றது.

"காந்தி," என்று என் பேரைச் சொன்னார்.

 திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. ஒருத்தர் கொண்டுவந்த தண்ணீரை வாங்கி ஒரு வாய் புகட்டினேன். அவர் கேனைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார்.

"இங்கன தண்ணியே இல்ல," என்றார் பலவீனமாக. "அந்தப் பிள்ளை இங்கனதான் கைகாட்டுச்சு. நான் நல்லாத்தான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"நீங்க கேட்டது அவளுக்கு வேற மாதிரி காதுல விழுந்துட்டு," என்றேன். "இந்தக் காட்டுக்குப் பேரே அதுதானாம்."

அவர் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வராமல் அந்தச் சொல்லை ஒரு விதமாகவும் இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு காது சிவந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, சுற்றி நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சிந்துகிட்ட சொல்லிராத, என்ன? பிள்ளை சிரிப்பா."

அவர் தலை அவள் மடியில்தான் இருந்தது. மேலே நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை, யார் மடி என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது சிந்துவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் முகத்தில் சொட்டிவிடாமல் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, தான் அங்கே இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்றேன் நான் அவரிடம்.